கிராக் போட்ட கணினியில் கோளாறா? அறிகுறியைப் பார்த்து வழி தேடுங்கள்

கிராக், அதாவது உரிமம் வாங்காமலே மென்பொருளை ஓடவைக்கும் கள்ள ஆக்டிவேட்டர் ஓடிய கணினியைக் கொண்டுவருபவர் சொல்லும் புகார் ஒன்றாக இருக்கும், உள்ளே இருக்கும் சிக்கல் வேறாக இருக்கும். "மூலையில எழுத்து வருதுண்ணே, அதை மட்டும் எடுத்துக் குடுங்க" என்பார்கள். "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்ற அந்த எழுத்தால் யாருக்கும் ஒரு காசு நட்டமில்லை. அதை எடுக்க முன்பு ஒருமுறை நிர்வாகி அனுமதியோடு ஓடவிட்ட அந்தச் சின்ன நிரல் வேறு என்னென்ன செய்துவிட்டுப் போனது என்பதைத்தான் தேட வேண்டும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, உங்களுக்கு நடப்பது எதுவோ அங்கே போங்கள். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் ஒன்று பொது: வேலை முடியும்வரை அந்தக் கணினியில் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசுச் சேவைகளுக்கான உள்நுழைவு), வங்கி, மத்திய சேமநிதி, அலுவலக மின்னஞ்சல் எதையும் திறக்காதீர்கள். கைப்பேசியையோ வீட்டிலுள்ள வேறொரு கணினியையோ பயன்படுத்துங்கள். நீங்கள் அனுப்பாத செய்திகள் உங்கள் பெயரில் போய்க்கொண்டிருந்தால், மற்றதை எல்லாம் விட்டுவிட்டு நேராக "நான் அனுப்பாத செய்தி போகிறது" என்று தொடங்கும் கணக்குகள் பகுதிக்குத் தாவுங்கள். கணினி காத்திருக்கும், கணக்கு காத்திருக்காது.

அறிகுறி: "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்" என்ற எழுத்து போய், திரும்ப வந்துவிட்டது

வலது கீழ் மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார், சில மாதம் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது என்றால் பெரும்பாலும் கே.எம்.எஸ். வகை ஆக்டிவேட்டர் ஓடியிருக்கிறது.

கே.எம்.எஸ். என்பது தன்னளவில் கள்ள வேலை இல்லை. பெரிய நிறுவனங்களுக்காக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் முறையான ஏற்பாடு அது. அலுவலக வலையமைப்புக்குள் ஒரு சர்வர் இருக்கும். அங்குள்ள கணினிகள் தனித்தனியாக மைக்ரோசாஃப்டிடம் போகாமல் அந்தச் சர்வரிடம் கேட்டு ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும். குறைந்தது 25 விண்டோஸ் கணினிகளாவது கேட்டால்தான் சர்வர் அனுமதி தரும். அந்த அனுமதியும் 180 நாளைக்குத்தான். கணினி 7 நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கப் பார்க்கும். கள்ள ஆக்டிவேட்டர் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலிச் சர்வரை உட்கார வைத்துவிடும், அல்லது முகம் தெரியாத யாரோ இணையத்தில் நடத்தும் சர்வரைக் கைகாட்டிவிடும். இரண்டாவது வகை என்றால் உங்கள் கணினி வாரம்தோறும் அந்த அந்நியரின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறது. போலிச் சர்வரை வைரஸ் தடுப்பான் பிடித்து நீக்கிவிட்டாலோ, வெளியே இருந்த சர்வர் மூடப்பட்டாலோ, 180 நாள் தீர்ந்ததும் எழுத்து திரும்பிவிடும்.

சோதிப்பது எளிது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, எஸ்.எல்.எம்.ஜி.ஆர். என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தட்டுங்கள். ஓர் இடைவெளி, அப்புறம் ஒரு முன்சாய்கோடு, அதை ஒட்டியே டி.எல்.வி. என்ற மூன்று எழுத்துகள். என்டர் தட்டியதும் நீளமான விவரப் பெட்டி ஒன்று வரும். அதில் "சேனல்" என்ற சொல் இருக்கும் வரியைப் பாருங்கள். ஓ.இ.எம். என்றால் கணினியோடு வந்த உரிமம், ரீடெயில் என்றால் தனியாக வாங்கியது. வால்யூம் கே.எம்.எஸ். கிளையன்ட் என்று போட்டிருந்து, கணினி உங்கள் வீட்டுச் சொந்தக் கணினி என்றால் விஷயம் புரிந்துவிட்டது. கொஞ்சம் கீழே சர்வரின் முகவரி இருக்கும். அது 127 என்ற எண்ணில் தொடங்கினால், கணினி தனக்குத்தானே சான்றிதழ் எழுதிக் கொடுத்துக்கொள்கிறது.

அலுவலகம் கொடுத்த மடிக்கணினியிலும் வால்யூம் என்று காட்டலாம், அது இயல்பு. அதில் கை வைக்காமல் ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள்.

இன்னொன்று. "நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகிவிட்டது" என்று விண்டோஸே சொல்கிறதே, அப்படியானால் சரிதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வரியையும் வரவழைக்கும் கள்ள வழிகள் இருக்கின்றன. ஆக்டிவேட் ஆவது வேறு, உரிமம் இருப்பது வேறு. உரிமத்துக்குச் சான்று வாங்கிய ரசீது, உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள கொள்முதல் பதிவு, அல்லது கணினியோடு வந்த ஓ.இ.எம். உரிமம். திரையில் வரும் வரி சான்று ஆகாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பலருக்கு இந்த வேலையே தேவைப்பட்டிருக்காது. விண்டோஸ் 8 வந்த 2012க்குப் பிறகு, விண்டோஸோடு விற்கப்பட்ட மடிக்கணினிகளின் மதர்போர்டிலேயே அசல் உரிம எண் பதிக்கப்பட்டிருக்கிறது. பழுது பார்த்தவர் ஹோம் பதிப்பு இருந்த கணினியில் புரோ பதிப்பை ஏற்றியிருப்பார். எண் ஹோமுக்கு உரியது, பதிப்பு புரோ, அதனால் பொருந்தாது. உடனே ஆக்டிவேட்டரை எடுத்திருப்பார். சரியான பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்திருந்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகியிருக்கும், ஒரு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலவில்லாமல்.

உரிமம் இல்லாத நிலையிலும் விண்டோஸ் ஓடும், பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும், பின்னணிப் படத்தையும் நிறத்தையும் செட்டிங்ஸில் மாற்ற விடாது, அவ்வளவுதான். ஒப்பந்தப்படி உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் வாங்கும்வரை அந்த எழுத்தோடு இருப்பது கிராக்கோடு இருப்பதைவிட எவ்வளவோ பாதுகாப்பு.

அறிகுறி: மலிவு விலை உரிம எண் வேலை செய்தது, இப்போது பிழை எண் காட்டுகிறது

இணையச் சந்தையில் இருபது வெள்ளிக்கும் குறைவாக "வாழ்நாள் உரிமம்" விற்பார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிம எண்ணைத் துண்டுபோட்டுப் பலருக்கு விற்பதுதான் அது. பிழை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைப் பாருங்கள். சி003 என்றால் அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் முடக்கிவிட்டது. சி008 என்றால் எண் அனுமதித்த அளவுக்கு மேல் பயன்பட்டுவிட்டது. எஃப்074 என்றால் கணினி ஏதோ ஒரு கே.எம்.எஸ். சர்வரைத் தேடிக் காணாமல் நிற்கிறது, அதாவது விற்றவர் கொடுத்தது ரீடெயில் எண்ணே இல்லை. எதையும் தட்டிச் சரிசெய்ய முடியாது. விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

இத்தகைய எண்ணோடு "இந்த ஃபைலையும் ஓட்டுங்க" என்றோ, "தொலைவிலிருந்து நாங்களே போட்டுத் தர்றோம்" என்றோ சொல்லியிருந்தால், அதை மலிவு எண் என்று எண்ணாமல் ஆக்டிவேட்டர் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: டிஃபெண்டர் "ஹேக்டூல்" என்று எச்சரிக்கிறது

டிஃபெண்டர் என்பது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான். ஆட்டோ கே.எம்.எஸ். அல்லது கீஜென் (கள்ள உரிம எண் உருவாக்கும் நிரல்) என்ற சொல் அந்த எச்சரிக்கைப் பெயரில் இருக்கும். பதிவிறக்கும் பக்கத்தில் இதற்குப் பதிலையும் தயாராக எழுதி வைத்திருப்பார்கள்: "எல்லா கிராக்கையும் வைரஸ் என்றுதான் சொல்லும், பயப்படாமல் தடுப்பானை நிறுத்திவிட்டு ஓட்டுங்கள்." இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எடுபடுகிறது. டிஃபெண்டர் ஆக்டிவேட்டரை ஆக்டிவேட்டர் என்பதற்காகவே கொடி காட்டுகிறது, சரி. ஆனால் உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூடிய ஒரே ஆளையும் வெளியே அனுப்பிவிட்டு, நிர்வாகி சாவியைக் கையில் கொடுத்தால் அது ஆக்டிவேட்டரா வேறெதுவா என்று அப்புறம் யார் சொல்வது?

மைக்ரோசாஃப்ட் 2012ன் முதல் பாதிக்கு வெளியிட்ட பாதுகாப்பு அறிக்கையில், கீஜென் பிடிபட்ட கணினிகளில் 76 விழுக்காட்டுக்கும் மேல் வேறு தீநிரலும் சேர்ந்தே பிடிபட்டதாகச் சொல்லியிருந்தது. அப்போதே அப்படி. 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம், கே.எம்.எஸ்.பிகோ என்ற பெயர்பெற்ற ஆக்டிவேட்டரின் நிறுவியோடு கிரிப்ட்பாட் என்ற கடவுச்சொல் திருடன் ஒட்டி வருவதைப் பதிவு செய்தது. அதில் ஆக்டிவேட்டரும் உண்மையாகவே வேலை செய்தது. விண்டோஸ் ஆக்டிவேட் ஆகிவிடுகிறது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இங்கே நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளில் கீழே போனால் "விலக்குகள்" பட்டியல் வரும். டிஃபெண்டர் பார்க்கக் கூடாத இடங்கள் என்று குறித்து வைத்த பட்டியல் அது. வீட்டுக் கணினியில் அது காலியாகத்தான் இருக்க வேண்டும். ஒரு துணைப்பாட நிலையத்தின் கணக்காளர் கொண்டுவந்த மடிக்கணினியில் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: சி டிரைவ். முழு டிரைவும். பச்சை நிற டிக் அடையாளம் "அச்சுறுத்தல் எதுவும் இல்லை" என்று சிரித்துக்கொண்டிருந்தது. பார்க்காதே என்று சொன்ன இடத்தில் அது என்னத்தைக் காணும்? அந்தக் கணினியில்தான் மாணவர்களின் பெயர், பிறப்புச் சான்றிதழ் எண், பெற்றோரின் கைப்பேசி எண் எல்லாம் இருந்தன.

விலக்கு வரி எதையாவது கண்டால் அழித்துவிட்டு, டேம்பர் புரொடெக்‌ஷன் என்ற பொத்தானை இயக்கி, மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்டுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் ஏறும் முன்பே தேடும் ஸ்கேன் அது. ஏதாவது சிக்கினால் மேலே போகாமல் கணக்குகள் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: தடுப்பான் திறக்கவில்லை, அப்டேட் ஆகவில்லை, சில தளங்கள் மட்டும் வருவதில்லை

"இந்த அமைப்பை உங்கள் நிர்வாகி கட்டுப்படுத்துகிறார்" என்ற வரி வீட்டுக் கணினியில் வந்தால், அந்த நிர்வாகி நீங்கள் இல்லை என்று பொருள். கிராக் நிரல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கொள்கை வரிகளை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. 2021 ஜூனில் அவாஸ்ட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய கிராக்கோனாஷ் என்ற தீநிரல் இதில் கைதேர்ந்தது. கிராக் செய்த விளையாட்டுகளோடு வந்து, கணினியை சேஃப் மோடில் தொடங்க வைத்து, தடுப்பான் விழிக்காத நேரத்தில் அதையும் விண்டோஸ் அப்டேட்டையும் முடக்கியது. 222,000 கணினிகளில் புகுந்து, 20 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் மொனேரோ என்ற மின்னாணயத்தை அகழ்ந்தது.

சில தளங்கள் மட்டும் திறக்காவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். எந்தத் தளத்துக்கு எந்த எண் முகவரி என்று கணினி முதலில் பார்க்கும் பட்டியல் அது; அதில் தவறான எண் எழுதினால் அந்தத் தளம் திறக்காது. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈ.டி.சி. என்று உள்ளே போனால் இருக்கும். நோட்பேடை நிர்வாகியாகத் திறந்து அதன் வழியாகத் திறக்க வேண்டும். தொடக்கத்தில் எண்குறி (#) போட்ட மைக்ரோசாஃப்டின் விளக்க வரிகள் மட்டும் தெரியும், அதோடு முடிந்தது போலிருக்கும். நம்பாதீர்கள். பக்கவாட்டு உருளையைக் கவனியுங்கள். அது சிறுத்திருந்தால் கீழே நிறைய இருக்கிறது. உருட்டிக்கொண்டே போனால், நூற்றுக்கணக்கான வெற்று வரிகளுக்கு அப்பால், அடோபி, ஆட்டோடெஸ்க் ஆகியவற்றின் உரிமச் சரிபார்ப்பு முகவரிகள் 127.0.0.1 அல்லது 0.0.0.0 என்ற எண்களோடு வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு நடுவே வைரஸ் தடுப்பு நிறுவனங்களின் முகவரிகளும் இருந்தால் கிராக் போட்டவரின் நோக்கம் மென்பொருளோடு நிற்கவில்லை. விளக்க வரிகளைத் தவிர மற்றதை அழித்துச் சேமிக்கலாம். ஆனால் அழிக்கும் முன் அந்தப் பக்கத்தை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எதற்காவது தேவைப்படும்.

அறிகுறி: விசிறி ஓயாமல் ஓடுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நின்றுவிடுகிறது

உங்கள் கணினியின் உழைப்பில் யாருக்கோ மின்னாணயம் அகழும் நிரல். டாஸ்க் மேனேஜர் திறந்ததும் ஒளிந்துகொள்வதே அதன் அடையாளம். மின்கட்டணம் ஏறுவதும் கணினி சூடாவதும் சின்ன நட்டம். அதைக் கொண்டுவந்தது வேறு எதையும் கொண்டுவரவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நேராகத் துடைத்து நிறுவும் பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: நான் அனுப்பாத செய்தி போகிறது, யாரோ உள்நுழைந்ததாக மின்னஞ்சல் வருகிறது

இதுதான் இருப்பதிலேயே அவசரமானது. ஆக்டிவேட்டரோடு வருபவற்றில் மிகப் பரவலானது கணக்குத் திருடும் வகை: ரெட்லைன், விடார், லும்மா என்று பல பெயர்கள். லும்மாவை மைக்ரோசாஃப்டும் கூட்டாளிகளும் 2025 மே மாதம் முடக்கியபோது, அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் மட்டும் உலகெங்கும் 394,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போவதுதான் இவற்றின் வேலை. நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்து இருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் குக்கிதான். அதைத் தன் உலாவியில் ஏற்றிக்கொள்பவருக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டாம். "எனக்கு ரெண்டு படி பாதுகாப்பு இருக்கே, எப்படி உள்ள போனான்?" என்று கேட்கும் பலருக்கு இதுவே விடை. சில வகைகள் வேலை முடிந்ததும் தம்மையே அழித்துக்கொள்ளும். ஆகவே ஸ்கேன் சுத்தம் என்று வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம்.

செய்ய வேண்டியதை வேறு சாதனத்தில் செய்யுங்கள். இந்தக் கணினியின் வைஃபையை நிறுத்திவிடுங்கள்.

முதலில் முதன்மை மின்னஞ்சல். மற்ற எல்லாக் கணக்கின் கடவுச்சொல்லையும் மீட்டெடுக்கும் வழி அதுதான். கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிற்காமல் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கட்டாயம் அழுத்துங்கள். திருடிய குக்கியைச் செல்லாமல் ஆக்குவது அந்தப் பொத்தான்தான். மீட்பு எண்ணாகப் புதிதாக ஏதாவது சேர்க்கப்பட்டிருக்கிறதா, மின்னஞ்சலை வேறொரு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதும் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த விதியைப் பார்க்காமல் விட்டால், நீங்கள் எத்தனை முறை கடவுச்சொல் மாற்றினாலும் மீட்புக் கடிதத்தின் நகல் அவர்களுக்கும் போகும்.

அப்புறம் வங்கி. சந்தேகமான பரிவர்த்தனை ஒன்று தெரிந்தாலும் வங்கியின் "கில் சுவிட்ச்" வசதியால் கணக்கை முடக்குங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். சிங்பாஸ் கடவுச்சொல்லை மாற்றி, செயலியில் பரிவர்த்தனை வரலாற்றைப் பாருங்கள். சொந்த நிறுவனம் வைத்திருப்பவர்களுக்கு கார்ப்பாஸ் (நிறுவனங்களுக்கான அரசுச் சேவை உள்நுழைவு) வழியாகப் போவதும் அதே சிங்பாஸ்தான் என்பது நினைவிருக்கட்டும். வாட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். அவசரமாகப் பணம் வேண்டும் என்று உங்கள் பெயரில் செய்தி போயிருந்தால், குடும்பக் குழுவில் எழுதுவதோடு ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை போன் போட்டும் சொல்லிவிடுங்கள். அப்பாவோ சித்தியோ பணத்தை அனுப்பிவிட்டு அப்புறம்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

கடைசியாக, உலாவியில் சேமித்திருந்த மற்றக் கடவுச்சொற்கள் எல்லாமே. சலிப்பான வேலைதான், வேறு வழியில்லை.

அறிகுறி: கோப்புகளின் பெயருக்குப் பின் விநோதமான நான்கெழுத்து ஒட்டியிருக்கிறது

ஒவ்வொரு கோப்புறையிலும் "ரீட்மீ" என்ற பெயரில் ஓர் எழுத்துக் கோப்பும் இருக்கிறதா? கிராக், கீஜென் வழியாகவே பெரும்பாலும் பரவும் ஸ்டாப் எனப்படும் டெஜாவூ குடும்பத்தின் பணயநிரலாக (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் நிரல்) அது இருக்க வாய்ப்பு அதிகம். 980 அமெரிக்க டாலர் கேட்டு, 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி என்று "தள்ளுபடி" அறிவிப்பது அதன் வழக்கம். பணம் கட்டாதீர்கள். பூட்டிய கோப்புகளை அழிக்கவும் வேண்டாம், அப்படியே ஒரு வெளிவட்டுக்கு நகலெடுத்து வையுங்கள். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் நிறுவனம் இதன் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. பூட்டும் நேரத்தில் கணினி இணையத்தில் இல்லாதிருந்தால், புதிய வகைகளிலும் சிலவற்றைத் திறக்க வாய்ப்பிருக்கிறது. நோ மோர் ரான்சம் தளத்தில் மாதிரிக் கோப்பை ஏற்றினால் எந்த வகை, கருவி உண்டா என்று சொல்லும். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் சிங்சர்ட் பிரிவிடம் சம்பவத்தைத் தெரிவிக்கலாம். ஒன்று எச்சரிக்கிறேன்: இந்தக் குடும்பம் கோப்பைப் பூட்டுவதோடு கடவுச்சொல் திருடனையும் இறக்கிவிடுவதுண்டு. மேலே சொன்ன கணக்கு வேலை இங்கேயும் உண்டு.

அறிகுறி: "இந்தச் செயலி அசல் அல்ல" என்ற பெட்டி, அல்லது வழக்கறிஞர் கடிதம்

இது கணினிக் கோளாறு இல்லை, ஆனால் இதையும் "எடுத்துக் குடுங்க" என்றே கொண்டுவருகிறார்கள். அச்சகம், விளம்பரப் பலகை செய்யும் கடை, உள்ளலங்கார வேலை செய்பவர்கள், சின்னப் பொறியியல் பட்டறைகள். வடிவமைப்பு மென்பொருள்கள் பல தம்முடைய உரிம நிலையைத் தாமே தயாரிப்பாளருக்குத் தெரிவிக்கும். கணினியின் அடையாளம், இணைய முகவரி, எத்தனை நாள் பயன்பட்டது என்ற விவரத்தோடு அங்கே பதிவாகிவிட்ட பிறகு பெட்டியை மறைப்பதில் ஒரு பயனும் இல்லை.

"ஊர்ல எல்லாரும் இப்படித்தான் தம்பி" என்று பேசுபவர்களுக்கு இங்கே சிங்கப்பூரில் உள்ள சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் அந்த ஆண்டு நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கிறது. வேண்டுமென்றே, வணிக ஆதாயத்துக்காக மீறினால் அது குற்றம். தனிநபருக்கு முதல் முறை 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உரிமையாளர் தொடுக்கும் சிவில் வழக்கு இதற்குப் புறம்பு. நட்டத்தைக் கணக்கிட்டு நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 10,000 வெள்ளி வரை, மொத்தம் 200,000 வெள்ளி வரை சட்டப்படியான இழப்பீடு கேட்க முடியும். பழைய சட்டத்திலேயே இந்தக் குற்றப்பிரிவு 2005ல் வந்துவிட்டது. அடுத்த ஆண்டே உள்ளலங்கார நிறுவனம் ஒன்றுக்கு 30,000 வெள்ளி அபராதம் விழுந்தது.

முதலாளிகள் கவனிக்க வேண்டிய தீர்ப்பு 2023ல் உயர் நீதிமன்றம் கொடுத்தது. பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் நிறுவனம் ஒன்றில், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த மடிக்கணினியில் ஓர் ஊழியர் சீமென்ஸின் என்.எக்ஸ். வடிவமைப்பு மென்பொருளை உரிமமின்றி நிறுவினார். நிறுவனம் சொல்லிச் செய்யவில்லை. ஆனாலும் ஊழியரின் செயலுக்கு நிறுவனம் பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்து, 30,000 வெள்ளிக்குச் சற்று மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மூலையில் தூசி படிந்து கிடக்கும் கணினியில் யார் என்ன ஏற்றினார்கள் என்று தெரியாது என்பது பதிலாகாது.

வீட்டுப் பயன்பாட்டுக்குத்தானே என்றால், குற்ற வழக்குக்கான வாய்ப்பு குறைவு, ஆனால் உரிமை மீறல் மீறல்தான். வீட்டில் அமர்ந்து பகுதிநேர வடிவமைப்பு வேலை செய்து சம்பாதிப்பது "வீட்டுப் பயன்பாடு" கணக்கில் வராது.

கடிதம் வந்திருந்தால் மூன்றைச் சொல்வேன். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், சட்ட நிறுவனத்தின் எண்ணைத் தனியாகத் தேடி அழைத்துக் கடிதம் உண்மையா என்று கேளுங்கள், போலிக் கடிதங்களும் உலவுகின்றன. உண்மை என்றால் பதற்றத்தில் கணினியைத் துடைக்காதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழிப்பது ஆதாரத்தை அழித்ததாக ஆகும். கடையிலுள்ள ஒவ்வொரு கணினியிலும் என்ன இருக்கிறது, எதற்கு ரசீது இருக்கிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வாடிக்கையாளர் விவரம் இருந்த கணினி என்றால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கசிவால் கணிசமான தீங்கு நேரக்கூடும் என்றாலோ, 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு என்றாலோ, அதை உறுதிசெய்ததிலிருந்து 3 நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அந்தத் துணைப்பாட நிலையம் போன்ற இடங்களுக்கு ஆக்டிவேட்டரைவிடப் பெரிய தலைவலி இதுதான்.

துடைத்து நிறுவுதல்

ஆக்டிவேட்டரை "அன்இன்ஸ்டால்" செய்து முடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். நிர்வாகியாக ஓடிய நிரல் எங்கெல்லாம் கை வைத்தது என்று முழுதாகச் சொல்ல யாராலும் முடியாது. சட்டக் கடிதம் எதுவும் இல்லாத பட்சத்தில் துடைத்து நிறுவுவதே குறைந்த வேலை.

ஆவணம், படம், காணொளி மட்டும் வெளிவட்டுக்கு எடுங்கள். நிரல்கள், நிறுவிகள், "சாஃப்ட்வேர்" என்று பெயரிட்ட அந்தப் பழைய கோப்புறை ஆகியவற்றை எடுக்காதீர்கள். எக்ஸெல் கோப்புகளை மேக்ரோ அனுமதி கொடுக்காமல் திறந்து பாருங்கள். வேறொரு சுத்தமான கணினியில் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது பெரிய தம்ப் டிரைவில் நிறுவியைத் தயார் செய்யுங்கள். நிறுவும்போது வட்டின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு மேலே போங்கள். உரிம எண் கேட்டால் "என்னிடம் எண் இல்லை" என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினி வாங்கியபோது இருந்த பதிப்பையே ஏற்றுங்கள். பெரும்பாலும் ஹோம். மதர்போர்டில் எண் இருந்தால் இணையம் கிடைத்ததும் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

பழைய கணினி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாவிட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. இணையம் பார்ப்பதும் கடிதம் தட்டுவதும்தான் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போதும். லிப்ரே ஆஃபிஸ் இலவசம். வேர்டும் எக்ஸெலும்தான் வேண்டும் என்றால் மைக்ரோசாஃப்டின் இணையப் பதிப்பு உலாவியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர்கள் பள்ளி, கல்லூரிக் கணக்கில் என்ன கிடைக்கிறது என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஓராண்டு உரிமத்தை இலவசமாகக் கொடுத்து, படிக்கும்வரை புதுப்பிக்கவும் விடுகிறது. காணொளித் தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே பலருக்கு அதிகம். தமிழ் தட்டச்சுக்காக எங்கிருந்தோ இறக்கிய பழைய நிரலை வைத்திருப்பவர்கள் அதையும் விட்டுவிடலாம். தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்கள் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐ.எம்.டி.ஏ.வின் டிஜிட்டல்ஆக்சஸ்@ஹோம் திட்டத்தில் சலுகை விலையில் கணினி பெறத் தகுதி உண்டா என்று பார்க்கலாம்.

பழைய மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக விடுதியில் கைமாறும் கணினிகளை வாங்கும் தம்பிகள், பணத்தைக் கொடுக்கும் முன் விற்பவர் முன்னிலையிலேயே மேலே சொன்ன ஐந்தெழுத்துக் கட்டளையைத் தட்டிப் பாருங்கள். வால்யூம் என்று காட்டினால், துடைத்து நிறுவி ஓ.இ.எம். என்று காட்டும்படி செய்து தந்தால் வாங்குவதாகச் சொல்லுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரிடம் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம், வேறு கணினி பாருங்கள்.